பேறுகால நர்சிங்: ஆன்லைன் படிப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது?

பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளையை நர்சிங்கில் சேர்க்கலாம் என்று பேச்சு வந்தால், நம் வீடுகளில் அடுத்து எழும் கேள்வி, "வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்க முடியாதா?" என்பதுதான். ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் பகுதிப் பெற்றோருக்கு இது இயல்பான கவலை. தாம்பரம் வரை பஸ், பிறகு மின்சார ரயில், சில நாள் இரவுப் பணி என்றால் யோசிக்கத்தான் செய்வோம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

விதி என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நர்சிங் பட்டத்தைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ வழங்க முடியாது. பேறுகாலப் பணிக்கு இட்டுச் செல்லும் படிப்புகள் மூன்று: ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. முடித்தவர்கள் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் பணியாற்ற முடியும். எனவே "ஆறே மாதம், வீட்டிலிருந்தே மகப்பேறு நர்ஸ் ஆகலாம்" என்று விளம்பரம் வந்தால், அந்தச் சான்றிதழை வைத்துப் பதிவு செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று அறிவது, பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு அளவு மீறுகிறதா என்று கணிப்பது, பிறந்த குழந்தை அழவில்லை என்றால் உடனே மூச்சு வரச் செய்வது. இவற்றைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் மாணவி தேர்வெழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்குள் மருத்துவமனைப் பயிற்சியை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும்.

சென்னையில் இது பழைய மரபு. 1844 இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனைதான் இன்றைய எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனை. 1854 இலேயே அங்கு பேறுகாலப் பயிற்சி தொடங்கிவிட்டது. பர்தா பேணும் பெண்கள் ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய காலத்தில், 1885 இல் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் உருவானது கோஷா ஆஸ்பத்திரி. இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பிரசவ அறையில் பெண்களே வேண்டும் என்று விரும்பும் நாம், நம் பெண்களை அந்தப் பயிற்சிக்கு அனுப்பவும் முன்வர வேண்டும்.

ஆன்லைன் எதற்கு உதவும்?

2020 ஊரடங்கில் வகுப்புகள் செல்போனுக்கு வந்தபோது பாடங்கள் தொடர்ந்தன; மருத்துவமனைப் பயிற்சி காத்திருந்தது. பாடத்துக்குத் துணையாக ஆன்லைனைப் பயன்படுத்தினால் நல்ல மதிப்பெண் பெற அது உண்மையிலேயே உதவும்.

- கருவின் ரத்த ஓட்டம், இடுப்பெலும்பின் அமைப்பு போன்றவற்றை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகக் கற்கலாம்.
- பார்த்த பிறகு வீடியோவை மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுதிப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இதுவே மனதில் தங்கும்.
- பிரசவ வலியின் முன்னேற்றத்தைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப் படிவத்தை அச்செடுத்து, மாதிரிக் கணக்குகளை வீட்டிலேயே நிரப்பிப் பழகலாம்.
- தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ப் பொருளையும் தனி நோட்டில் தினம் பத்தாக எழுதி வரலாம்.

குடும்பத்தின் பங்கு

அண்ணனோடும் தம்பியோடும் ஒரே போனைப் பங்கிடும் பெண்ணால் பாடத்தைத் தொடர முடியாது. தினமும் இரண்டு மணி நேரமாவது சமையலறைக்குக் கூப்பிடாமல் விடுங்கள். நோன்பு மாதத்தில் ஸஹருக்குப் பின் கிடைக்கும் அமைதியான நேரத்தை அவளுடைய படிப்புக்குக் கொடுங்கள்.

சேர்க்கும் முன் கேளுங்கள்

மாநில நர்சிங் கவுன்சிலும் இந்திய நர்சிங் கவுன்சிலும் அங்கீகரித்த நிறுவனமா? பட்டப்படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு உண்டா? எந்த மருத்துவமனையில் பயிற்சி, அங்கு மாதம் எத்தனை பிரசவங்கள் நடக்கின்றன? இரவுப் பணிக்கு வாகனமும் தங்குமிடமும் உண்டா? நம் கவலைக்கு விடை இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. திருப்தியான பதில் கிடைத்தால் தயங்காமல் அனுப்புவோம். நாளை நம் தெருப் பெண் ஒருத்தி வலியில் துடிக்கும்போது பக்கத்தில் நிற்பவள், முறையாகக் கற்ற நம் மகளாகவே இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.