கைமாறிய கார்கள் – 11: புத்தகத்தில் பெயர், தகட்டில் எழுத்து

சென்ற வாரம் மொறிஸ் மைனரின் விலையோடு நிறுத்தினோம். விலை பேசி முடிந்தபின் பெயர் மாற்றும் முறையை இவ்வாரம் விளக்குவதாகச் சொல்லியிருந்தமை தொடர்ந்து வாசிக்கும் அன்பர்களுக்கு ஞாபகமிருக்கும்.

முறை சிக்கலானதன்று. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, கார் கைமாறியதும் 14 நாட்களுக்குள் விற்றவர் அதனை ஆணையாளருக்கு அறிவித்தலும், வாங்கியவர் தம் பெயரில் பதியுமாறு விண்ணப்பித்தலும் கடமையாகும். லீசிங்கில் எடுத்த காராயின், பதிவுப் புத்தகத்திலே பூரண உரிமையாளராகக் கம்பனியின் பெயர் நிற்குமாதலால், அதன் சம்மதமின்றிப் பெயர் மாற்றம் நடவாது.

இத்தனையும் நடந்து புத்தகத்தில் பெயர் மாறினாலும், தகட்டிலுள்ள இலக்கம் மாறுவதில்லை என்பதே இவ்வாரம் எம் சிந்தையை முழுவதும் ஆட்கொண்ட விஷயம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் காரை விற்பவர் தகட்டைக் கழற்றித் தம்முடன் வைத்துக்கொள்கிறார். நம் நாட்டிலோ இலக்கம் காருக்கே உரியது. ஆதலால், வைத்தியரிடமிருந்து ஆசிரியருக்கும், ஆசிரியரிடமிருந்து வாடகைக் கார்ச் சாரதிக்கும் போய், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெட்ரோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஒன்று, தான் முதன்முதல் பதியப்பட்ட காலத்தின் எழுத்தை இன்றும் நெற்றியில் தாங்கி நிற்கின்றது. 1957க்கு முந்திய கார்கள் பலவற்றில், சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்த ஈ வை, ஈ எல், ஈ என் போன்ற தொடர்களைக் காணலாம்.

1957 ஜனவரியிலிருந்து புதிய பதிவுகளில் அவ்வெழுத்துகளின் ஸ்தானத்தைச் சிங்கள ஸ்ரீ பெற்றது. தமிழரசுக் கட்சியினர் தமிழ் ஸ்ரீ எழுதிய தகடுகளோடு சட்டத்தை மீறிக் கார் ஓட்டினர். 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவைகள் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் புதிய பஸ்கள் அவ்வெழுத்துடன் வடக்கே வந்தபோது, தணிந்திருந்த கிளர்ச்சி மீண்டும் மூண்டது; இங்கே சிங்கள எழுத்தின்மேல் தார் பூசப்பட, தெற்கிலே பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துகள்மேல் தார் பூசப்பட்டது; ஏப்ரல் 9ஆம் நாள் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை கைவிடப்பட்டது; மே மாதத்திலே கலவரம் வெடித்து மனித உயிர்களைப் பலிகொண்டது. தன் சொந்த உழைப்பில் வாங்கிய காரின்மேல் தன் மொழிக்கு இடமில்லாத எழுத்தைச் சுமந்து செல்லுமாறு ஒரு குடிமகனைக் கட்டாயப்படுத்தியது அநீதி என்பதில் எமக்கு இன்றும் ஐயமில்லை. 2000ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துத் தொடர் திரும்பி வந்தது. ஆயினும் ஸ்ரீ இலக்கக் கார்கள் இன்னும் நம் வீதிகளில் ஓடுகின்றன.

பெயரின் கதை இதற்கு நேர்மாறு. கையொப்பமிட்ட படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு, பதியாமலே அடுத்தவருக்கு விற்கும் ‘ஓப்பின் பேப்பர்’ வழக்கம் நாடெங்கும் உண்டு. இடையில் விபத்தோ குற்றமோ நேர்ந்தால், விசாரணை முதலில் தேடிச்செல்வது புத்தகத்திலுள்ள மனிதரையே. யாழ்ப்பாணத்தில் இவ்வழக்கம் இருமடங்கு தீமை செய்கிறது. ஏனெனில் அந்த மனிதர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ குடியேறியிருக்கலாம், காலமாகியும் இருக்கலாம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறிய அவசரத்தில், எந்தப் பெட்டியில் எந்தப் பத்திரம் இருந்ததென்று எவர் பார்த்திருப்பார்? ஆகையால் காசைக் கொடுக்குமுன் விற்பவரின் அடையாள அட்டையைப் புத்தகத்திலுள்ள பெயரோடு ஒத்துப்பார்த்தல் அவசியம். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பார்த்தல் அதனினும் அவசியம்; டீசல் எஞ்சின் பூட்டப்பட்டு, அம்மாற்றம் பதியப்படாத பழைய கார்கள் நம்மிடையே உண்டு.

காலஞ்சென்றவர் பெயரில் நிற்கும் காரை வாரிசுகள் விற்பது எங்ஙனம் என்பதையும் இவ்விதழிலேயே எழுத எண்ணியிருந்தோம். தகட்டெழுத்து இடத்தை எடுத்துக்கொண்டமையால், அதை அடுத்த வாரம் முதற்பந்தியிலிருந்தே தொடங்குவோம்.