லீவு தேதி தெரியாத வீடுகள்

ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஊர் அது. அதே ஊரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் (சி.ஆர்.பி.எஃப்.) குரூப் சென்டர் இருக்கிறது. முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம் இருக்கிறது. இவற்றின் குவார்ட்டர்ஸ்களிலும், பட்டாபிராம், திருமுல்லைவாயல், மிட்டனமல்லி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வரை பரவியிருக்கும் வாடகை வீடுகளிலும் ஒருவகைக் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டுக்காரர் காஷ்மீரிலோ, பஸ்தர் காட்டிலோ, மணிப்பூரிலோ பணியில் இருப்பார். மனைவியும் பிள்ளைகளும், சில வீடுகளில் வயதான பெற்றோரும் இங்கே இருப்பார்கள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, பின்மண்டை வலிக்கிறது என்று இந்தப் பெண்கள் கிளினிக்குக்குப் போனால் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், தைராய்டு பரிசோதனை எழுதித் தருவார்கள். இரண்டும் தேவைதான். ஆனால், "வீட்டில் யாராவது ஃபீல்டில் இருக்கிறார்களா, எப்போது வருகிறார்?" என்ற கேள்வியும் நோய் வரலாற்றில் இடம்பெற வேண்டும். காத்திருப்பதை இவர்களுடைய பொறுமைக்கும் தைரியத்துக்கும் சான்றாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். புகைபிடித்தலையும் குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பதையும் எப்படிக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோமோ அப்படிக் குறித்துக்கொள்ள வேண்டிய ஆபத்துக் காரணி அது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பிரிவைவிட நிச்சயமின்மை கொடியது

பிரிவு என்பது மட்டும் உடலை இவ்வளவு வாட்டாது. எப்போது முடியும் என்று தெரியாத பிரிவுதான் வாட்டும். 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கணினி விளையாட்டு ஒன்றில் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி சிறு மின்னதிர்ச்சி கிடைக்கும். வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தபோது, அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று அறிந்திருந்த நேரத்தைவிட, வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. கெடுதல் உறுதி என்றால் உடல் அதற்குத் தயாராகிவிடும். உறுதியில்லை என்றால் எந்நேரமும் விழித்துக் காவல் காக்கும். அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரந்தபடி இருக்கும், தூக்கம் ஆழமாகாது, ரத்த அழுத்தம் ஏறும், செரிமானம் கெடும். ஒரு வாரத்துக்கு உடல் இதைத் தாங்கும். எட்டு மாதம், பத்து மாதம் என்று நீளும்போது அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

படைவீரர் குடும்பத்தின் நாட்காட்டியே இந்த நிச்சயமின்மையால் ஆனது. ராணுவ வீரருக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு உண்டு, தற்செயல் விடுப்பும் உண்டு. ஆனால் தாளில் இருக்கும் விடுப்பு கைக்கு வருவது களத்தைப் பொறுத்தது. சி.ஆர்.பி.எஃப். கம்பெனிகளைத் தேர்தல் என்றால் ஒரு மாநிலத்துக்கும், கலவரம் என்றால் இன்னொரு மாநிலத்துக்கும் அனுப்புவார்கள். ஒப்புக்கொண்ட லீவு தள்ளிப்போகும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில், லீவில் ஊருக்கு வந்திருந்த வீரர்கள் பலரை உடனே முகாமுக்குத் திரும்பச் சொன்னார்கள். காதணி விழாவுக்கு மண்டபம் பிடித்துவிட்டுத் தேதியை மாற்றும் குடும்பத்துக்குப் பண நஷ்டத்தைவிடப் பெரியது, இனி எந்தத் தேதியையும் நம்ப முடியாத நிலை.

பெரிய கணக்கு என்ன சொல்கிறது

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2010 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. அமெரிக்க ராணுவத்தினரின் மனைவியர் 2,50,626 பேரின் மருத்துவப் பதிவேடுகளை அது எடுத்துக்கொண்டது. காலம் 2003 முதல் 2006 வரை. போர்க்களத்துக்குப் போகாதவர்களின் மனைவியரோடு ஒப்பிட்டால், கணவர் 1 முதல் 11 மாதம் களத்தில் இருந்த பெண்களிடம் மனச்சோர்வு நோய் ஆயிரத்துக்கு 27 பேர் கூடுதலாகப் பதிவாகியிருந்தது. 11 மாதத்துக்கு மேல் போனவர்களின் மனைவியரிடம் அந்தக் கூடுதல் 39 ஆனது. தூக்கக் கோளாறில் ஏற்றம் இன்னும் கூர்மையானது: ஆயிரத்துக்கு ஏறத்தாழ 12 என்பது 23-க்கு மேல் போனது. அளவு கூடக் கூடப் பாதிப்பும் கூடுகிறது. ஒரு காரணத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று தேடும்போது மருத்துவ ஆய்வாளர்கள் முதலில் பார்க்கும் அடையாளங்களில் இது ஒன்று.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆயிரத்தில் 39 பேர் கூடுதல் என்றால், பெரும்பாலான பெண்கள் நோய்வாய்ப்படாமல் குடும்பத்தை நடத்தியிருக்கிறார்கள் என்பதும் அதற்குள் அடக்கம். "பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்றாலே மனநோயாளியா, இது அவமானம் இல்லையா?" என்று எழும் கோபம் நியாயமானது. ஆனால் கொசுக்கடி எல்லோருக்கும் டெங்குவைத் தருவதில்லை என்பதற்காக யாரும் தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விடுவதில்லை. ஆபத்துக் காரணி என்று சொல்வது முத்திரை குத்துவது ஆகாது. முன்கூட்டியே கண்டுபிடிக்கச் சொல்லும் எச்சரிக்கை அது.

அமெரிக்கக் கணக்கு ஆவடிக்குப் பொருந்துமா?

வலுவான ஆட்சேபம் இதுதான். அங்கே வேறு போர், வேறு நாடு, தனிக் குடும்பம். இங்கே கூட்டுக் குடும்பம், அக்கம்பக்கம், கோயில், மாமியார் துணை. அளவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திசை மாறாது என்று நினைக்க இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஆவடிப் பக்கத்து வீடுகள் கிராமத்து வீடுகள் அல்ல. வேலூர் அருகே கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு படையில் ஆள் இருக்கும் ஊரில், காத்திருப்பது ஊரே பங்கிட்டுக்கொள்ளும் அனுபவம். புறநகர் அடுக்ககத்திலோ, பிள்ளைகளின் பள்ளிக்காகப் பிடித்த ஒற்றைப் படுக்கையறை வீட்டிலோ அந்தப் பங்காளிகள் கிடையாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து இங்கே தங்கியிருக்கும் வீரர் குடும்பங்களுக்கு மொழியும் ஒரு மதில்தான்.

இரண்டாவது, கூட்டுக் குடும்பம் எப்போதும் துணை மட்டுமே செய்வதில்லை. சம்பளக் கார்டு யார் கையில், மருமகள் ஏன் தனியாக வெளியே போனாள், எதற்காகப் புது உடை என்ற கண்காணிப்பும் அதே வீட்டில்தான் நடக்கிறது. வீட்டுக்காரர் இல்லாத பெண் எதைச் செய்தாலும் தெரு கணக்கு வைத்துக்கொள்கிறது. இதில் சலித்துப்போய்ப் பேச்சைக் குறைத்து வீட்டுக்குள் ஒடுங்கும் பெண்ணை, "அடக்கமானவள்" என்று ஊர் மெச்சும். மனச்சோர்வின் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றாது. வயதானவர்களையும் மறக்கக் கூடாது. மகன் எல்லையில் இருக்கும்போது சாப்பாடு இறங்காத தாய்க்கு முதலில் தவறுவது சர்க்கரை மாத்திரைதான்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களும்தானே காத்திருக்கின்றன, இவர்களுக்கு மட்டும் தனிக் கவனம் எதற்கு என்றும் கேட்கலாம். ஒப்பந்தக் காலம் தெரிந்து காத்திருப்பதும், தேதியும் தெரியாமல் உயிரும் உறுதியில்லாமல் காத்திருப்பதும் ஒன்றல்ல. அதற்காக வளைகுடாக் குடும்பங்களின் பாடு சிறியது என்று ஆகாது. மருத்துவர் கேட்கும் அந்த ஒரு கேள்வி அவர்களுக்கும் பயன்படும்.

தினமும்தான் பேசுகிறார்களே

கடிதத்துக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது, வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள், இனி என்ன கவலை என்பார்கள். பேச முடிகிற நாளில் அது பெரும் ஆறுதல், சந்தேகமில்லை. ஆனால் தினமும் இரவு 9 மணிக்கு வரும் அழைப்பு ஒருநாள் வராமல் போனால், அந்த இரவு கடிதக் காலத்தில் இல்லாத இரவு. நடவடிக்கைக்குப் போயிருக்கலாம், சிக்னல் இல்லாமல் இருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம். அதற்குள் தொலைக்காட்சியில் பிரேக்கிங் நியூஸ் ஓடும். எந்தப் பட்டாலியன் என்று தெரியாத படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். அன்று மாலை பெயர்ப்பட்டியல் வரும்வரை நாடெங்கும் எத்தனை வீடுகளில் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். தொடர்பு வசதி காத்திருப்பை ஒழித்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு காத்திருப்பை நாளுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டது. அதனால்தான் பேச்சுக்கு நேரம் குறிக்கும்போதே, "அழைப்பு வராவிட்டால் இத்தனை நாள்வரை கவலைப்படாதே, அதன் பிறகு பட்டாலியனில் இன்னாரைக் கேள்" என்று முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. நிச்சயமின்மைக்கு ஓர் எல்லை கட்டுவதும் மருந்துதான்.

பிள்ளைகள் சொல்லும் விதம்

சிறுவர்கள் "கவலையாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வரும், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கும், தம்பியை அடிப்பார்கள். 3 முதல் 8 வயது வரையுள்ள 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் குழந்தைகளை ஆராய்ந்து 2010-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியான ஆய்வு, தந்தையோ தாயோ களத்தில் இருந்த காலத்தில் மனநலம், நடத்தை தொடர்பான மருத்துவ வருகைகள் 11 சதவீதம் கூடியதைக் காட்டியது. இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் வகுப்பாசிரியர்களுக்கு எந்தப் பிள்ளையின் பெற்றோர் வெளியே பணியில் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தாலே பாதி அடி குறையும்.

வந்து சேர்ந்த பிறகு

காத்திருப்பு, ஆள் வாசலில் பெட்டியை இறக்கியதும் முடிந்துவிடுவதில்லை. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் குடும்பங்களை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆராய்ந்த ரூபன் ஹில், 1949-ல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: பிரிவைச் சமாளிப்பது ஒரு வேலை, மறுபடி சேர்வது இன்னொரு வேலை. அவர் இல்லாமலேயே எல்லாவற்றையும் கச்சிதமாக நடத்தக் கற்றுக்கொண்ட வீட்டில், திரும்பி வருபவருக்கு இடம் விடுவது கடினமாகிறது. கேஸ் புக் பண்ணுவதிலிருந்து கல்விக் கட்டணம் வரை முடிவெடுத்துப் பழகிய மனைவி, ஒரே நாளில் கேட்டு நடக்க வேண்டியவளாக மாற முடியாது. கைக்குழந்தை அப்பாவைப் பார்த்து அழும். அவரோ சத்தம் கேட்டால் திடுக்கிடுவார், தூங்க மாட்டார், குடி கூடலாம். முப்பது நாள் லீவில் முதல் வாரம் விருந்தாளி, கடைசி வாரம் மூட்டை கட்டும் மனநிலை. இடையில் கிடைக்கும் இரண்டு வாரத்தில் நிலத் தகராறும் கடன் கணக்கும் மாமியார் மருமகள் வழக்கும் தீர்ந்தாக வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

இந்த எதிர்பார்ப்பின் பாரம் வீரரோடும் முகாமுக்குத் திரும்பிப் போகிறது. 2018 முதல் 2022 வரையான 5 ஆண்டுகளில் மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலும் அவற்றோடு சேர்ந்த படைகளிலும் 654 பேர் தற்கொலை செய்துகொண்டதாக உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் 230 பேர் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள். 2024 இறுதியில் வெளியான அமைச்சகத் தகவலின்படி, இத்தகைய மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் லீவு முடிந்து பணிக்குத் திரும்பிய பிறகு நிகழ்ந்தவை. இதற்கு வீட்டில் இருப்பவர்கள்மேல் பழி போடுவது கொடுமை. லீவு என்பது இரு பக்கமும் ஆதரவு தேவைப்படும் காலம் என்றுதான் இதைப் படிக்க வேண்டும். ஆண்டில் 100 நாளாவது வீரர் குடும்பத்தோடு இருக்க வழிசெய்வதாக 2019-ல் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு முழுதாக நடைமுறைக்கு வருவதைவிடச் சிறந்த மனநல மருந்து எதையும் நான் அறியேன்.

நம்மால் முடிவது

காத்திருக்கும் பெண்களுக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. கடந்த 2 வாரங்களில் பெரும்பாலான நாட்கள் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? உலகெங்கும் மருத்துவர்கள் முதல் சோதனையாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மருத்துவரிடம் பேச வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலே அன்றைக்கே பேச வேண்டும். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட வேண்டாம். இரவில் செய்திச் சேனலை அணைப்பதும், தினம் அரை மணி நேரம் நடப்பதும், அதே நிலையில் இருக்கும் இன்னொரு வீட்டோடு பழக்கம் வைத்துக்கொள்வதும் சிகிச்சைக்கு மாற்று அல்ல என்றாலும் உடலின் விழிப்புக் காவலைத் தளர்த்தும்.

மருத்துவத் துறைக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடி வருகிறார்கள். ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரங்களில் அவர்கள் வைத்திருக்கும் படிவத்தில், வீட்டில் யாராவது படையிலோ வெளியூர்ப் பணியிலோ இருக்கிறார்களா என்ற ஒரு வரியையும் அந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தால் புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவைப்படாது. ராணுவக் குடும்பங்களுக்கு ராணுவ மருத்துவமனை இருக்கிறதே என்பவர்கள், சி.ஆர்.பி.எஃப். உள்துறையின் கீழ் வருகிறது என்பதையும், முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருப்பவர்கள் அவசரத்துக்குத் தெருமுனை கிளினிக்கைத்தான் நாடுகிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உடனடி உதவிக்கு, டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழ், இந்தி, தெலுங்கு உட்படப் பல மொழிகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முப்படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்குமான தனிப் பிரிவு 2023 டிசம்பர் 1 முதல் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இயங்குகிறது. உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், இந்த எண்ணை அவர்களிடம் எழுதிக் கொடுங்கள்.