விடைத்தாளைத் திருத்தும் மாணவர்கள்

சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுவாரமே என் மூத்த மகன் உயர்தரப் பௌதிகவியல் டியூசனுக்குப் போகத் தொடங்கிவிட்டான். ஓர் இரவு கொப்பியை மூடிவைத்துவிட்டு, "வாப்பா, இந்தக் கணக்கு சரியா பிழையா எண்டு தெரியல்ல. மார்க்கிங் ஸ்கீம சேர் நாளைக்குத்தான் தருவார்" என்றான். "நீயே பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாதா?" என்று கேட்டேன். "அது எப்பிடி வாப்பா?" என்று திருப்பிக் கேட்டான். நான் தமிழ் படித்தவன். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த நாள் ஆசிரியர் ஓய்வறையில் பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மார்க்கிங் ஸ்கீமையே பிள்ளைகள் திருத்துற ஒரு வகுப்பு அமெரிக்காவுல இரிக்கி, தெரியுமா?" என்றார். அவர் சொன்னதையும், அதன்பின் நான் தேடி வாசித்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஸ்புட்னிக் தந்த அதிர்ச்சி

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் யூனியன் ஸ்புட்னிக் என்னும் முதலாவது செயற்கைக்கோளை விண்ணுக்கு ஏவியது. விஞ்ஞானக் கல்வியில் தாம் பின்தங்கிவிட்டோமோ என்ற கவலை அமெரிக்காவை ஆட்டியது. அந்தச் சூழலில், 1959ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், கலிபோர்னியாவின் ஒஹாய் பள்ளத்தாக்கிலுள்ள தச்சர் பாடசாலையில் திறமைமிக்க உயர்தர வகுப்பு மாணவர்களுக்காக ஒரு வதிவிடப் பயிற்சி தொடங்கியது. 'சமர் சயன்ஸ் புரோகிராம்' என்பது அதன் பெயர். சுமார் நாற்பது ஆண்டுகளின் பின் அந்தப் பாடசாலை விலகிக்கொண்டபோது, பழைய மாணவர்களே பொறுப்பேற்று அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். இன்று அது பல பல்கலைக்கழக வளாகங்களில் நடக்கிறது. உயிர் இரசாயனவியல் போன்ற துறைகளுக்கும் விரிந்திருக்கிறது. ஆனால் வானியற்பௌதிகப் பிரிவில் 1959 முதல் இன்றுவரை மாறாத வேலை ஒன்றுதான்: ஒரு சிறுகோளைத் தாமே அவதானித்து, அது சூரியனைச் சுற்றும் பாதையைத் தாமே கணிப்பது.

மூன்று இரவுகள், ஆறு எண்கள்

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். இரவில் கடற்கரையில் நின்று தூரத்துத் தோணியின் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அது எந்தத் திசையில் நிற்கிறது என்று விரலை நீட்டிக் காட்டிவிடலாம். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. தொலைகாட்டியின் நிலையும் அதுதான். சிறுகோளின் திசையை அது காட்டும்; தூரத்தைக் காட்டாது.

வானில் ஒரு திசையைக் குறிக்க இரண்டு கோணங்கள் வேண்டும். மூன்று இரவுகள் அவதானித்தால் ஆறு எண்கள் கிடைக்கும். ஒரு சுற்றுப்பாதையை முழுமையாக விவரிப்பதற்கும் ஆறு எண்களே தேவை: நீள்வளையத்தின் பருமன், அதன் நீட்சி, சாய்வு, அது வெளியில் திரும்பியிருக்கும் விதத்தைச் சொல்லும் இரண்டு கோணங்கள், குறித்த நேரத்தில் கோள் அப்பாதையில் நின்ற இடம். ஆறு கொடுத்து ஆறு வாங்குகிற கணக்கு.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1801 ஜனவரி முதலாம் திகதி, சிசிலியின் பலேர்மோ நகரில் பியாற்சி என்ற வானியலாளர் சீரஸ் என்னும் புதிய கோளைக் கண்டார். நாற்பது நாட்கள் வரை அதைப் பின்தொடர்ந்தார். பிறகு அது சூரிய ஒளிக்குள் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே தேடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. 24 வயதான ஜேர்மன் கணிதவியலாளர் கௌஸ், பியாற்சியின் சொற்ப அவதானங்களிலிருந்து பாதையைக் கணித்துக் கொடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் முடிவில், அவர் சொன்ன இடத்தின் அருகிலேயே சீரஸ் மீண்டும் அகப்பட்டது.

கௌஸின் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: கோள் நின்ற மூன்று இடங்களும் சூரியனும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும், அதன் ஓட்டம் ஈர்ப்பு விதிக்கு அடங்கவேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு தூரத்துக்கு ஓர் அண்ணளவான பெறுமானம் எடுத்து, கணித்து, வந்த விடையை மீண்டும் உள்ளே போட்டு, மாற்றம் நிற்கும்வரை திருத்திக்கொண்டே போவது. பிள்ளைகள் பின்பற்றுவதும் இதே முறையைத்தான்.

வகுப்பு நடக்கும் விதம்

ஐந்தாறு வாரங்கள் அங்கேயே தங்கியிருக்கவேண்டும். பகலில் பௌதிகவியல், வானியல், வகையீடு, தொகையீடு, கணினி நிரலாக்கம். இரவில் முறைவைத்துத் தொலைகாட்டிக்குப் போகிறார்கள். மூன்று பேர் ஒரு குழு. ஒரே வானப் பகுதியைச் சற்று இடைவெளிவிட்டுப் படமெடுத்து மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். உடுக்கள் அசையாது நிற்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அதுதான் அவர்கள் தேடியது. சுற்றியுள்ள உடுக்களின் தெரிந்த இடங்களைக் கொண்டு அந்தப் புள்ளியின் திசையை அளப்பார்கள். ஆரம்ப காலத்துப் பிள்ளைகள் கண்ணாடித் தகட்டில் படம்பிடித்து, இயந்திரக் கணிப்பானில் கணக்குப் பார்த்தார்கள். இன்றைய பிள்ளைகள் இலத்திரனியல் கமெராவில் படமெடுத்து, தாமே எழுதிய நிரலால் கணிக்கிறார்கள்.

கோணத்தைப் பாகையிலிருந்து ஆரையனுக்கு மாற்ற மறந்தால் போதும், முழுக் கணக்கும் குலைந்துவிடும். அப்போது மூவரும் கூடியிருந்து தேடவேண்டியதுதான். போட்டியைவிடக் கூட்டு முயற்சிக்கே அங்கு மதிப்பு. லோட்டஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய மிட்ச் கபோரும், குவால்கொம் நிறுவனத்தின் இணை நிறுவுநர் பிராங்க்ளின் அன்ரோனியோவும் இங்கு பயின்றவர்களே. அன்ரோனியோ 2022இல் மறைந்தபோது, தன் சொத்திலிருந்து சுமார் 20 கோடி டொலரை இந்தப் பயிற்சிக்கு எழுதிவைத்திருந்தார். இளமையில் கழித்த ஒரு கோடை விடுமுறைக்கு மனிதர் கட்டிய கடன் அது.

நண்பர் சொன்னதன் பொருள்

இப்போது மார்க்கிங் ஸ்கீமுக்கு வருவோம். இந்தச் சிறுகோள்களின் பாதைகள் ஏற்கெனவே ஓரளவு கணிக்கப்பட்டவைதான். பிள்ளைகள் தங்கள் விடையை அவற்றுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த 'விடை' வானத்திலிருந்து இறங்கியதல்ல. முந்தியவர்கள் அவதானித்துக் கணித்தது. புதிய அவதானங்கள் சேரச் சேரத் திருத்தப்படுவது. இந்தப் பிள்ளைகள் எடுத்த அளவீடுகளும் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையத்துக்கு அனுப்பப்படுகின்றன. அங்கு ஏற்கப்பட்டால், அடுத்த கணிப்புக்கு அவையும் ஆதாரம். பதினேழு வயதுப் பிள்ளை விடைத்தாளைத் திருத்துகிறது என்று நண்பர் சொன்னது இதைத்தான்.

வாசித்து முடித்தபோது எனக்கு என் வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. இருபது வருடமாக மாதிரிக் கட்டுரை எழுதிக் கொடுக்கிறேன். அதை வரி பிசகாமல் எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளியும் போட்டிருக்கிறேன். மகன் "அது எப்பிடி?" என்று கேட்டதில் அவனுடைய பிழை என்ன இருக்கிறது?

நம்மிடம் அந்தத் தொலைகாட்டியும் இல்லை, அந்தப் பணமும் இல்லை. சொந்த விடையைத் தானே சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இரண்டும் தேவையில்லை. நண்பர் மகனைக் கூப்பிட்டு, விடையின் அலகு பொருந்துகிறதா, பருமன் நம்பும்படி இருக்கிறதா, வேறு வழியில் செய்தாலும் அதே விடை வருகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அன்றிரவு அவன் கொப்பியோடு என்னிடம் ஓடிவந்தான்.

"வாப்பா, என்ட விடை பிழை. அலகு பொருந்தல்ல. நானே கண்டுபிடிச்சிட்டன்!"

பிழை என்று சொல்லும்போது ஒரு பிள்ளையின் முகம் அப்படி மலர்ந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.