தக்கடியில் கறி யார் தட்டுக்கு?

வறுத்த அரிசி மாவில் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, பிடி பிடியாகப் பிடித்து, கொதிக்கும் ஆட்டுக்கறிக் குழம்பில் போட்டு வேகவைப்பது தக்கடி. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் பெயர்போன பண்டம். நம் ஜவ்வாது மலைப் பக்கத்தில் அதற்கு அரிசி மாவுதான் வேண்டும் என்பதில்லை. மலையில் மானாவாரியாக விளையும் சாமையே இருக்கிறது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் சாமையில் நார்ச்சத்து 7.7 கிராம், தீட்டிய பச்சரிசியில் 2.8 கிராம்தான். புரதமும் சாமையில் சற்றுக் கூடுதல். ஆனால் வெளுக்கத் தீட்டிய சாமையில் இந்த நன்மை குறைந்துவிடும். மங்கலான நிறத்தில் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சாமை மாவு தனியாகப் பிடிபடாது, உதிரும். பாதிக்குப் பாதி அரிசி மாவு கலந்து, கொதிநீர் விட்டுப் பிசைந்தால் நிற்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது நல்லதே. அதற்காக எட்டு உருண்டை சாப்பிடலாம் என்று பொருளல்ல!

இரும்புச்சத்துக்குச் சாமையை நம்ப முடியாது. அது கறியில்தான் இருக்கிறது. உடலும் கறியிலுள்ள இரும்பையே எளிதில் ஏற்கும். எலும்புச் சாறு குடித்தால் போதும் என்பார்கள். மணிக்கணக்கில் கொதித்தாலும் எலும்பிலிருந்து சாற்றில் இறங்கும் சுண்ணாம்புச்சத்து மிகக் கொஞ்சம்.

நம் வீடுகளில் பரிமாறுவது எப்படி? கறித்துண்டுகள் முதல் பந்தியில் ஆண்களுக்குப் போய்விடும். கடைசியில் உட்காரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மிஞ்சுவது மாவும் குழம்பும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பாதிக்கு மேல்!

சீனர்களின் வான்டன் சூப்பில் இந்தச் சிக்கல் இல்லை. கோதுமை மாவுத் தோலுக்குள் கொத்திய இறைச்சியை மடித்துச் சாற்றில் வேகவைப்பார்கள். கொழுக்கட்டை எத்தனையோ, அத்தனைக்கும் கறி உண்டு. அங்குள்ள முஸ்லிம்கள் இதுபோன்ற கொழுக்கட்டைகளை ஆட்டிறைச்சி வைத்துச் செய்கிறார்கள். நாமும் கொத்துக்கறியை வதக்கி வேகவைத்து, ஒவ்வொரு தக்கடிக்குள்ளும் ஒரு கரண்டி வைத்து மூடலாம். கால் கிலோ கறியும் கடைசித் தட்டுவரை சமமாகப் போய்ச் சேரும். மாவில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்தால் இன்னும் நல்லது.

சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். இரும்புச்சத்து உடலில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும்.