எங்கள் கடலின் பின்கட்டு

புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலத்தால் எத்தனை தரம் போய் வந்திருப்பேன்! பஸ் யன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் பரவைக்கடல், தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள். கொக்கு என்று நினைத்துவிட்டு, குறிகட்டுவானில் வள்ளம் வெளிக்கிட்டிருக்குமோ என்று மணிக்கூட்டைப் பார்ப்பதோடு சரி. இந்தத் தை மாதம் இறுப்பிட்டிக் கரையில், கணுக்கால் புதையும் சேற்றில், பறவை எண்ணும் பிள்ளைகள் நாலு பேரோடு ஒரு விடியக்காலை நின்றேன். அந்தப் புள்ளிகள் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, கண்ணை ஒட்டிப் பிடிக்காதேங்கோ, கொஞ்சம் தள்ளிப் பாருங்கோ." முக்காலியில் ஏற்றிய தொலைநோக்கிக்குள் மங்கலாக ஏதோ ஆடியது. தம்பி ஒருவர் வளையத்தைத் திருப்ப, ஐயோ, பூநாரை! தலையைக் கவிழ்த்துச் சொண்டைத் தலைகீழாகச் சேற்றுநீருக்குள் விட்டு வடிகட்டித் தின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்தில் நீர் வழிந்ததுகூடத் தெரிந்தது. நான் கத்திவிட்டேன். "சத்தம் போடாதேங்கோ அக்கா!"

இவ்வளவு பெரிய கூட்டத்தை எப்படி எண்ணுவது? முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். அந்தப் பத்தும் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொள்கிறார்கள். பிறகு சுண்டால் அரிசி அளப்பதுபோல அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு அளவுக்கும் கையில் உள்ள சின்னக் கருவியைக் கட்டைவிரலால் ஒருமுறை அமத்த, எண் ஒன்று கூடும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, பிறகுதான் வாய் திறக்கிறார்கள். ஒருவர் 180, மற்றவர் 230. திரும்ப முதலில் இருந்து! பாதியில் ஒரு செம்பருந்து குறுக்கே வந்தது. கூட்டம் முழுக்க எழும்பிச் சுழன்று வேறு இடத்தில் போய் இறங்கியது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் தரம் எண்ணினார்கள்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இப்படித்தான் 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடக்கிறது. வலசை வந்த பறவைகள் அலைச்சல் குறைந்து ஓரிடத்தில் தங்கும் காலம் இது என்பதால்தான் சனவரி.

வெயில் ஏறியதும் பார்வை வானத்திலிருந்து தண்ணீருக்கு இறங்கியது. எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்தது இந்த வேலைதான். பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு சதுரம், பக்கத்துக்கு 50 சென்ரிமீற்றர். அதோடு ஒரு நீள அளவுநாடா. ஆய்வுக்கருவி அவ்வளவுதான்! 50 மீற்றர் நாடாவை மூன்று கோடுகளாக, கோட்டுக்குக் கோடு 25 மீற்றர் இடைவெளி விட்டு இழுக்கிறார்கள். ஒவ்வொரு 5 மீற்றரிலும் சதுரத்தை வைத்து உள்ளே சாதாழை என்ற கடற்புல் எத்தனை வீதம் மூடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். கோட்டுக்கு 11, மொத்தம் 33 சதுரங்கள். உலகத்தின் பல கரைகளில் இதே முறையில் பார்ப்பதால்தான் ஒரு கரையை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது.

சாதாழை! எங்கள் தீவுகளில் புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாக அள்ளிப்போட்ட அதே சாதாழை. கரையில் காய்ந்து நாறும்போது மூக்கைப் பொத்தியிருக்கிறேன். உயிரோடு நிற்கும்போது அதை நான் குனிந்து பார்த்ததே இல்லை. ஒரு சதுரத்துக்குள் நாடாபோல நீண்ட இலைகள். இன்னொன்றில் விரல்நகம் அளவு முட்டைவடிவ இலைகள், அவற்றின் முதுகில் மணலோடு மணலாய் ஊரும் பொடி நத்தைகள். அந்தச் சின்ன இலைதான் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு விருப்பமான சாப்பாடாம். ஆவுளியாவுக்காகவே தமிழ்நாட்டு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவின் தன் பக்கத்தில் 448 சதுர கிலோமீற்றரைக் காப்பகமாக அறிவித்தது.

ஏழாவது சதுரத்தில் வெறும் மணல். நான் நகரப் பார்த்தேன். "நில்லுங்கோ அக்கா, சைபர் எண்டு எழுதவேணும். எழுதாமல் விட்டால், இல்லையோ, பார்க்கவே இல்லையோ எண்டு பிறகு யாருக்குத் தெரியும்?" அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் கோடியக்கரையிலும் இதே கவனத்தோடு வேலை நடக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியால் 1959இல் வலசை ஆய்வைத் தொடங்கியது. பீகாரில் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்த மீர்ஷிகார் சமூகத்தவர்களையே அது துணைக்கு அழைத்துக்கொண்டது. வேட்டைக்காரரின் கைநுணுக்கம் பறவையைக் காயமில்லாமல் பிடித்து விடுவதற்குப் பயன்பட்டது. அலி உசேன் அதில் பேர்போனவர். நிலவில்லாத இரவில் மெல்லிய வலை கட்டுகிறார்கள். அகப்பட்ட பறவையைத் துணிப்பைக்குள் இட்டு நிறுத்து, பையின் எடையைக் கழிக்கிறார்கள். சிறகின் பத்து முதன்மை இறகுகளுக்கும் தனித்தனியே புள்ளி போடுகிறார்கள்: பழைய இறகுக்கு 0, முழுதாக வளர்ந்த புதிய இறகுக்கு 5. பத்தும் புதிதென்றால் 50க்கு 50! கடைசியில் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம், பிறகு விடுதலை.

இந்தக் காலத்திலும் வளையமா, ஜி.பி.எஸ். பூட்டலாமே என்று பிள்ளைகளிடம் கேட்டேன். கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். பறவையில் பூட்டும் கருவி அதன் எடையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் முக்கால் கிராம்! பெரிய பறவை என்றால் கதை வேறு. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழகத்துச் சம்பத் செனவிரத்னவின் குழு ஒரு கடற்காகத்துக்கு ஜி.பி.எஸ். பூட்டி மேகா என்று பேர் வைத்தது. அது 2021இல் ஆர்க்டிக் வரை போய்த் திரும்பிய தூரம் 19,360 கிலோமீற்றர். எங்கள் மன்னார்ப் பறவை!

திரும்பும் நேரம் ஒரு பவளக்காலி தனியே நின்றது. ஒற்றைக்காலில். மற்றக் கால் வயிற்று இறகுக்குள். வெளியே நின்ற காலில் வளையம் இல்லை. "மடிச்ச காலிலை இருந்தால்?" என்றார் ஒருவர். அவ்வளவுதான், தோளில் ஏறிய முக்காலி திரும்பச் சேற்றில் இறங்கியது. இருபது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. பறவை சிறகை நீட்டிச் சோம்பல் முறித்து, மெதுவாக, மெதுவாக, மற்றக் காலையும் இறக்கியது.

வளையம் இல்லை. அதையும் கொப்பியில் எழுதிவிட்டு, சதுரத்தை உப்புத் தண்ணீரில் அலம்பித் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.