ஒரு சாண் டியூப்பும் நாலு லீற்றர் பெற்றோலும்

குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள்காரர், இன்ஜினை நிறுத்தியதோடு ஓய்ந்துவிட மாட்டார். குனிந்து பெற்றோல் திருகையும் மூடுவார். மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் ஆளையும் வண்டியையும் வாவியின் மறுகரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை. பாதை அசைந்தால் வண்டி அசையும். வண்டி அசைந்தால் காபரேற்றருக்குள் இருக்கும் ஃப்ளோட்டும் அசையும். ஃப்ளோட் தள்ளி மூடும் ஊசி தேய்ந்த வண்டியென்றால் அடுத்த நிமிடமே பெற்றோல் மணக்கும். அதனால்தான் அந்தத் திருகு மூடப்படுகிறது. திருகிலிருந்து காபரேற்றர் வரை போகும் டியூப்பை அதே கவனத்தோடு பார்ப்பவர்கள் குறைவு.

சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி இது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. கல்லடியில் 1924 முதல் லேடி மனிங் பாலம் இருக்கிறது. அதன் அருகே புதிய பாலம் 2013இல் வந்தது. மண்முனையில் பாலம் திறந்தது 2014இல்தான். வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கரை மாறிக்கொண்டே இருக்கும் இந்த மக்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் கால். அதில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹொண்டாக்களுக்கு ஒரு தனி இடம் உண்டு: சி.டி. 50, சி.டி. 125, சி.டி. 200, எல்லாவற்றுக்கும் மேலாக எம்.டி. 90. ஜப்பானில் கடிதம் விநியோகிப்பதற்காக ஹொண்டா செய்த வண்டி எம்.டி. 90. 1958இல் பிறந்து, 2017இல் 10 கோடி எண்ணிக்கையைத் தொட்ட சூப்பர் கப் குடும்பத்தின் பிள்ளை அது. அங்கே தபால் சுமந்து ஓய்ந்தபின், இங்கே வடக்கிலும் கிழக்கிலும் நெல்மூட்டையும் மீன்பெட்டியும் சுமந்தது. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கதவு மூடியிருந்ததால், இருக்கிற பழைய வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவது பலருக்குக் கட்டாயமானது.

இந்த வண்டிகளில் பெற்றோலைத் தள்ள பம்ப் கிடையாது. தாங்கி மேலே, காபரேற்றர் கீழே. நடுவில் புவியீர்ப்பு மட்டும். தாங்கிக்கும் காபரேற்றருக்கும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயர வித்தியாசம்தான் என்றால், அந்த உயரம் தரும் அழுத்தம் மிக அற்பம். காரில் பம்பின் பலத்தில் எந்த வளைவையும் தாண்டி ஏறிவிடும் எண்ணெய், இங்கே ஒரு சின்ன மேட்டைக் கண்டாலும் தயங்கும்.

அதனால் டியூப் போகும் வழிக்கு முதல் விதி, அது தொடக்கம் முதல் கடைசி வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும் என்பது. நீளம் கூடிய டியூப்பை வெட்ட மனமில்லாமல் வளைத்து மாட்டினால், வளைவின் மேட்டில் காற்றுக்குமிழ் தங்கிவிடும். பெற்றோல் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கும் திரவம். சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் டியூப், சிலிண்டரின் சூட்டு விளிம்புகளை உரசியபடி போனால் உள்ளே ஆவி கட்டும். ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென இருமி நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பிளக்கை மாற்றி, கொயிலை மாற்றிக் காசு போன பிறகே பலருக்கு டியூப்பின் நினைவு வருகிறது. சிலிண்டரிலிருந்தும் சைலன்சர் குழாயிலிருந்தும் இரண்டு விரல் இடைவெளி விட்டு டியூப்பை நகர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை.

கப் குடும்பத்தின் பழைய மாதிரிகள் பலவற்றில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தாங்கி சீற்றுக்குக் கீழே. பெற்றோல் திருகோ காபரேற்றரோடு சேர்ந்தது. ஆகவே தாங்கியிலிருந்து ஒன்றல்ல, இரண்டு டியூப்கள் வரும். ஒன்று வழமையான ஓட்டத்துக்கு, மற்றது ரிசேவுக்கு. தாங்கிக்குள் முதலாவதின் வாய் உயரத்தில் இருக்கும், இரண்டாவதின் வாய் அடியோடு இருக்கும். கழற்றியவர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டால் வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆனால் பெற்றோல் தீர்ந்த நாளில் ரிசேவுக்குத் திருப்பினால் அங்கே ஒரு சொட்டும் இராது. படுவான்கரை வயல்வெளி நடுவே, அந்தி நேரத்தில், அது சின்னத் தவறு அல்ல. கழற்றுமுன் ஒரு டியூப்பில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் போதும்.

எந்த டியூப்பை வாங்குவது? கடையில் மலிவாகக் கிடைக்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூப் புதிதில் அழகு. பெற்றோல் ஓடுவது தெரியும், வளையும், மாட்டவும் சுலபம். ஆனால் அந்த பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் பொருளைப் பெற்றோல் மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும். சில மாதங்களில் டியூப் மஞ்சளாகி, காய்ந்த குச்சிபோல் விறைத்து, கிளிப் இருக்கும் இடத்தில் வெடிக்கும். பெற்றோலுக்கென்றே செய்த, நூல் பின்னல் உள்ளே வைத்த கறுப்பு நைட்ரைல் றப்பர் டியூப் சற்று விலை கூடியது; ஆனால் ஆண்டுகள் நிற்கும். அதன் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

தமிழ்நாட்டில் திருவொற்றியூர் ஆலையில் 1956 முதல் உருவான புல்லட்டுகளை வைத்திருப்போருக்கு இதே கேள்வி இப்போது வேறு வடிவில் வந்திருக்கிறது. இந்தியப் பெற்றோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் பழைய றப்பரை ஊதவைக்கும், ஈரத்தை இழுக்கும், தாங்கியில் ஒட்டியிருந்த அழுக்கையும் கிளப்பிவிடும். அங்கே ஜே30 ஆர்9 தரத்திலான, எத்தனாலைத் தாங்கும் உள்பூச்சு கொண்ட டியூப்பே பாதுகாப்பானது.

டியூப்பின் இரு முனையிலும் கிளிப் வேண்டும். கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. கம்பி ஒரே கோட்டில் அழுத்தி றப்பரை அறுக்கும். வாவிக்காற்றின் உப்பில் அதுவும் துருப்பிடித்து ஒருநாள் அறும். அறுந்த முனையிலிருந்து சொட்டும் பெற்றோலுக்குக் கீழே கொதிக்கும் இன்ஜின் இருக்கிறது.

ஃபில்டர் விஷயத்தில் பெரும்பாலானோர் செய்யும் தவறு, நல்லது என்று நினைத்துச் செய்வதே. கார்களுக்கான பெரிய காகித ஃபில்டரை வாங்கி மாட்டுகிறார்கள். அது பம்பின் அழுத்தத்துக்காகச் செய்தது. பழைய ஹொண்டாவின் அற்ப அழுத்தத்தில் பெற்றோல் அதன் வழியே தயங்கித்தான் வரும். பெற்றோலில் தண்ணீர் கலந்திருந்தால் காகிதம் ஊறிப் பருத்து வழியையே அடைத்துவிடும். இத்தகைய வண்டிக்கு ஏற்றவை, நுண்ணிய நைலோன் வலை அல்லது பித்தளை வலை வைத்த சிறு ஃபில்டரும், வெண்கலத் துகளை இறுக்கிச் செய்த ஃபில்டரும். இவற்றைக் கழுவித் திரும்பப் போடலாம். அம்புக்குறி காபரேற்றர் பக்கம் பார்க்க, கூடியவரை நிமிர்த்தி மாட்டினால் குமிழ்கள் மேலேறித் தாங்கிக்கே திரும்பிவிடும். கண்ணாடி ஃபில்டர் பாதி வெறுமையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை; பம்ப் இல்லாத வண்டியில் அது வழமை. திருகும் அதன் அடியில் அழுக்குத் தங்கும் கிண்ணமும் காபரேற்றரோடு சேர்ந்த கப் வகையிலோ, கிண்ணத்துக்குள் இருக்கும் வலையே ஃபில்டர். அதைச் சுத்தமாக வைத்திருந்தால் மேலதிகமாக எதையும் திணிக்கத் தேவையில்லை.

அழுக்கின் அளவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சின்ன ஹொண்டாவின் காபரேற்றருக்குள் பெற்றோலை அளந்துவிடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றரைவிடச் சிறியது. நாலைந்து தலைமயிரை ஒன்றாக வைத்த அகலம். அதை அடைக்க ஒரு துருத்துகள் போதும்.

அந்தத் துரு எங்கிருந்து வருகிறது? தாங்கிக்குள்ளிருந்துதான். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த மண்ணில் காற்றே ஈரம். அரைத் தாங்கியோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில், வெறும் பாதியின் சுவரில் இரவுக் குளிருக்கு நீர் வியர்க்கும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமானது; அடிக்கு இறங்கித் தங்கும்; தங்கிய இடம் துருப்பிடிக்கும். 2011 ஜனவரி பெருவெள்ளம் போன்ற காலங்களில் மூழ்கி எழுந்த வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அத்தகைய தாங்கியைக் கழற்றி, சிறு கற்களோ நட்டுகளோ போட்டுக் குலுக்கி, அலசி, முற்றாக உலர்த்தாமல் எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் வாரத்துக்கொன்று அடைபடும். தாங்கி மூடியில் ஒரு நுண்துளையும் உண்டு. பெற்றோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். அந்தத் துளையைப் புழுதி அடைத்தால் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று கேட்டால் நோய் அங்கேதான்.

எரிபொருளின் அருமை இந்தத் தலைமுறைக்குத் தெரியாததல்ல. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வடக்கின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 2022 ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய் ஆனது. அதன்பின் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்தார்கள். கசியும் ஒரு மூட்டில் ஐந்து வினாடிக்கு ஒரு துளி விழுகிறது என்று வைப்போம். மில்லிலீற்றருக்கு 40 துளி என்று கணக்கிட்டாலும் ஒரு நாளில் 430 மில்லிலீற்றர், ஒரு வாரத்தில் 3 லீற்றர். வரிசையில் நின்று வாங்கிய நாலில் மூன்று நிலத்துக்கும் காற்றுக்கும் போய்விடும்.

பரிசோதிப்பது எளிது. ஆறிய வண்டியை வெளியில் காற்றோட்டமாக நிறுத்தி, பக்கத்தில் நெருப்பு இல்லையென்று உறுதிசெய்து, டியூப்பின் காபரேற்றர் முனையைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுத் திருகைத் திறக்க வேண்டும்; திருகு காபரேற்றரோடு சேர்ந்த கப் வகையில் டியூப்பைக் கழற்றியதுமே பெற்றோல் வரும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வண்டி லீற்றருக்கு 50 கிலோமீற்றர் தந்தால், அதற்கு நிமிடத்துக்குத் தேவை 20 மில்லிலீற்றர்தான். ஆகவே ஓட்டம் பெரிதாக இருப்பதைவிட, இரண்டு மூன்று நிமிடம் விட்டு விட்டு வராமல் ஒரே சீராக இருப்பதே முக்கியம். தொடக்கத்தில் நன்றாக வந்து பிறகு மெலிந்தால் மூடியின் துளையைப் பார்க்க வேண்டும். தொடக்கமே மெலிவென்றால் தாங்கிக்குள் இருக்கும் வலையை. போத்தலைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் முத்தும் துருப்பொடியும் தனியே தெரியும்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபின், அன்றிரவு வண்டிக்குக் கீழே ஒரு பழைய கடதாசியை விரித்து வைக்கலாம். விடியும்போது பெற்றோல் காய்ந்துபோயிருந்தாலும் கறை வளையம் கடதாசியில் நிற்கும். அந்த வளையத்துக்கு நேர்மேலே எந்த கிளிப் இருக்கிறதோ, அதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.