தொட்டி மண்ணில் நெளிவது எது?

மாடித்தோட்டத்தில் பழைய வளர்ப்புப் பையைக் கவிழ்த்து மண்ணைக் கிளறும்போது கொழுத்த வெள்ளைப் புழுக்கள் உருண்டு விழுவதைச் செடி வளர்ப்பவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பழுப்புத் தலை, அதை ஒட்டி மூன்று ஜோடிக் கால்கள், பிறையாக வளைந்த உடல். பார்த்த மாத்திரத்தில் உரக்கடைக்கு ஓடிப்போய்க் குருணை மருந்து வாங்கிவந்து தூவிவிடுகிறார்கள். அதே தொட்டியில்தான் கீரையும் பறிக்கிறார்கள்.

இந்த அவசரம் எனக்குக் கவலை தருகிறது. கார்போபியூரான் போன்ற குருணைகளை வேர் உறிஞ்சிக்கொள்ளும். தண்டு, இலை எங்கும் அந்த நஞ்சு ஏறும். அளவும் பயிரும் குறிப்பிட்டு வயலுக்கென விற்கப்படும் பொருளை, ஒரு அடி மண்கூட இல்லாத தொட்டியில் கைக்கு வந்தபடி போடலாகாது. இத்தனைக்கும், மண்ணில் நம் கண்ணில் படும் புழுக்களில் பெரும்பாலானவற்றால் செடிக்குப் பெரிய கெடுதல் கிடையாது. தக்காளியையும் வெண்டையையும் உண்மையிலேயே சாகடிக்கும் புழு கண்ணுக்குத் தெரியாது.

முதலில் அந்த வெள்ளைப் புழு. அது வண்டின் இளம்பருவம். தொழுவுரம் கலந்த தொட்டிகளில் பெரும்பாலும் வருவது காண்டாமிருக வண்டின் புழுதான். தாய் வண்டு எருக்குழியில் முட்டையிடுகிறது. பொரிந்த புழு மாதக்கணக்கில் சாணத்தையும் மட்கையும் தின்று விரல் பருமனாகிறது. அதற்குப் பிடித்தது மட்கிய பொருள். ஆனால் தொட்டி என்பது நாலு பக்கமும் அடைத்த இடம். மட்கு தீர்ந்தால் வேரில் வாய்வைக்கும். மண்ணைக் குடைந்துகொண்டு போகையிலேயே இளவேர்கள் அறுந்துவிடும். வளர்ந்து வண்டானால் தென்னங்குருத்தைத் துளைக்கும். ஆகவே இதைப் பொறுக்கி எடுத்தே ஆகவேண்டும். வீட்டருகே கோழி வளர்ப்பவர் இருந்தால் அவருக்குக் கொடுத்துவிடலாம்.

வேரையே குறிவைத்துத் தின்னும் வேர்ப்புழு வேறு இனம். நிலக்கடலை, கரும்பு விவசாயிகளுக்கு அதை நன்றாகத் தெரியும். கோடை மழை பெய்ததும் மண்ணிலிருந்து கிளம்பி, இரவில் வேப்ப மரத்தில் மொய்த்து இலை தின்னும் பழுப்பு வண்டுகளின் பிள்ளைகள் அவை. தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிவந்து நிரப்பிய தொட்டியில் இது வந்துசேரலாம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. புழுவை எடுத்துச் சமதரையில் விட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். சில புழுக்கள் மல்லாந்து, கால்கள் ஆகாயத்தைப் பார்த்திருக்க, முதுகாலேயே விறுவிறுவென்று ஊர்ந்து போகும். முதுகுத் தசை மடிப்புகளையும் அவற்றிலுள்ள குறுமயிர்களையும் ஊன்றி நகரும் இந்த வித்தை பூ வண்டு இனத்துப் புழுக்களுக்கே உரியது. அவை உயிருள்ள வேரை அநேகமாகத் தொடுவதில்லை. மட்கைத் தின்று பொடியாக்கித் தரும். மட்குத் தொட்டியில் விட்டுவிடுங்கள்.

வெள்ளைப் புழு வராமல் தடுப்பதற்கான இடம் எரு வாங்கும் இடம்தான். நன்றாக மட்கிய எருவில் சாண நாற்றம் இருக்காது, கையில் பொலபொலவென்று உதிரும். அதையும் ஒரு தாளில் கொட்டிப் பரப்பிப் பார்த்த பிறகே கலக்க வேண்டும். கூடவே மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைச் சேர்க்கலாம். 1879-இல் ஒடெசாவில் கோதுமை வண்டின் புழுக்கள் இந்தப் பூஞ்சையால் சாவதைக் கவனித்த எலீ மெச்னிகாப், அதைத் தனியே வளர்த்துப் பூச்சிகள்மேல் ஏவலாமே என்று யோசித்தார். நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. புழுவின் தோலைத் துளைத்து உள்ளே வளரும் இந்தப் பூஞ்சை, செத்த புழுவின்மேல் முதலில் வெள்ளையாகவும் பிறகு பச்சையாகவும் படரும். வேலை செய்ய நாளாகும். ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. சாயங்காலத்தில் எருவோடு கலந்து நிழலில் வைப்பது நல்லது.

தண்ணீர் ஊற்றும்போது மண்ணிலிருந்து கொசு போன்ற கறுப்புப் பூச்சிகள் எழும்பினால் அது வேறு கதை. அவை பூஞ்சை ஈக்கள். அவற்றின் புழு அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல், பளபளக்கும் கறுப்புத் தலை, கால்கள் கிடையாது. உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி மண்மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். பூஞ்சையும் பாசியும் அவற்றின் தீனி. பெருகிவிட்டால் நாற்றுகளின் மெல்லிய வேரையும் தின்னும். காரணம் ஈரம். தென்னைநார்க் கழிவு கலந்த மண் மேலே காய்ந்த நிறம் காட்டும், உள்ளே சொதசொதவென்றிருக்கும். விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். மேல்மண் காய்ந்தால் முட்டையும் புழுவும் பிழைக்காது. பறக்கும் பூச்சிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி போதும்.

மண்புழுவை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பூந்தொட்டிகளில் வைத்துத் தம் அறையிலேயே வளர்த்தார். பக்கத்தில் பியானோ உரக்க ஒலித்தும் அவை அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் வளைக்குள் பாய்ந்தன. காது இல்லை, அதிர்வை மட்டும் உணர்கின்றன என்று 1881-இல் வந்த நூலில் எழுதினார். ஆனால் உரத்தொட்டிக்கென்று விற்கும் ஆப்பிரிக்க மண்புழுவை வாங்கிச் செடித்தொட்டியில் விடுவதால் பலன் குறைவு. பாதி மட்கிய கழிவைத் தின்று மேல்பரப்பில் வாழும் இனம் அது. தீனியும் மூடாக்கும் இல்லாமல், மே மாத மாடிச் சூட்டில் தாக்குப்பிடிக்காது. வடிகால் துளை வழியே வெளியேறும், அல்லது சாகும். மண்புழு உரத்தைப் போட்டாலே போதுமானது.

மண்புழு என்று நினைத்ததில் வளையங்கள் இல்லாமல், உடல் உலர்ந்து மினுமினுத்தால் தள்ளி நின்று பாருங்கள். நீண்டு சுருங்கி நகர்வது மண்புழு. பக்கவாட்டில் வளைந்து வளைந்து வேகமாக ஓடினால், அநேகமாக அது புழுப்பாம்பு. விஷமற்றது, எறும்பு, கரையான்களின் முட்டைகளையும் இளம் புழுக்களையும் தின்பது. இந்த இனத்தில் எல்லாமே பெண்தான். ஆண் துணையின்றி முட்டையிடும். அதனால் ஒரே ஒரு பாம்பு ஒரு தொட்டியில் கப்பலேறினாலும் போன இடத்தில் ஒரு கூட்டம் உருவாகிவிடும். பூந்தொட்டிப் பாம்பு என்றே உலகெங்கும் பெயர் வாங்கிவிட்டது. அடித்துவிடாதீர்கள்.

இனி, கண்ணுக்குத் தெரியாதது. உரம் போட்டும் தக்காளி வளராமல் குறுகி நிற்கிறது. மண்ணில் ஈரம் இருந்தும் உச்சி வெயிலில் வாடுகிறது. செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். மணி மணியாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. இளம்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வேருக்குள் புகுந்து ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள செல்களைத் தனக்கு ஊட்டும் பெரிய செல்களாக மாற்றிக்கொள்கிறது. பெண் புழு பிசின் போன்ற உறையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

அவரை, தட்டைப்பயறு வேரில் தெரியும் முடிச்சுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தழைச்சத்தைப் பிடித்துத்தரும் அந்த முடிச்சுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் கழன்றுவிடும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது. தேய்த்தாலும் கழலாது.

எதிர்ப்பு ரகத் தக்காளி விதை வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் நம் ஊரில் முழுதாகப் பலிக்காது. பெரும்பாலான ரகங்களில் இருக்கும் எதிர்ப்பு மரபணு, மண் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வலுவிழக்கிறது. செண்டுமல்லி வேர் நூற்புழுவுக்கு எமன்தான். ஆனால் தக்காளிக்குத் துணையாக ஓரத்தில் ஒரு செடி நட்டால் போதாது; அந்தத் தொட்டி முழுக்கச் செண்டுமல்லியை இரண்டு மூன்று மாதம் வளர்த்துவிட்டு, பிறகுதான் தக்காளி வைக்க வேண்டும். வேப்பம்புண்ணாக்கு நட்ட பிறகு போடுவதைவிட, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மண்ணில் கலந்து நனைத்து வைப்பது பலன் தரும்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த மருந்து நம் சித்திரை வெயில். பாதித்த மண்ணை ஈரமாக்கி, நாலைந்து விரற்கடை உயரத்துக்கு மொட்டைமாடியில் பரப்பி, ஒளி புகும் பாலித்தீன் தாளால் மூடி, காற்று புகாமல் ஓரங்களில் கல் வையுங்கள். கறுப்புத் தாளில் அவ்வளவு சூடு ஏறாது. நாலு முதல் ஆறு வாரம் அப்படியே விட்டால் நூற்புழுவோடு, முட்டை, வண்டுப் புழு, களைவிதை எல்லாம் பெரும்பாலும் ஒழியும். நல்ல நுண்ணுயிர்களும் குறையும் என்பதால், நடுமுன் மண்புழு உரம் கலந்துகொள்ளுங்கள். பிடுங்கிய முடிச்சு வேர்களை மட்குத் தொட்டியில் போடாமல் காயவைத்து எரித்துவிடுங்கள். அந்தத் தொட்டியில் புழங்கிய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம்.